சோற்றுப் பானையில் பிடில்

1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் நான்காம் தேதி, திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆசிரியர் குடியிருப்பில் இயற்பியல் விரிவுரையாளர் ஞானசேகரன் வாசித்த பிடில், இருபத்தெட்டு மைல் வடக்கே, கடலூர் தேவனாம்பட்டினத்தில், மீன் விற்கும் வேலம்மாளின் சோற்றுப் பானைக்குள் கேட்டது. குடியிருப்பில் ஒன்றும் கேட்கவில்லை. வில் தந்தியில் உரசும் சத்தம்கூட இல்லை. அன்றுதான் லாரியிலிருந்து சாமான்களை இறக்கிவைத்திருந்த அவருடைய மனைவி சௌந்தரம், வழியெல்லாம் குலுங்கி வந்ததில் தன் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்து நல்லெண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டாள். ஞானசேகரன் தந்திகளை மாற்றிப் பார்த்தார், வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துப் பார்த்தார், பிறகு ஊமைப் பிடிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே வேலம்மாள் உலையை இறக்கி, தண்ணீரைக் கொட்டி, பானைக்குள் ஏதாவது வண்டு புகுந்திருக்கிறதா என்று பார்த்தாள். வண்டு இல்லை. கல்யாணி ராகம்தான் இருந்தது. அதன் பெயர் அவளுக்குத் தெரியாது.

ஞானசேகரன் நெல்லிக்குப்பத்துக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் எம்.எஸ்ஸி. படித்தவர். எதையும் பாதி கற்றுக்கொண்டு விடுவதில் அவருக்கு இணை கிடையாது. ஆர்மோனியம் ஒரு வருடம், புல்லாங்குழல் எட்டு மாதம், மிருதங்கம் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போவேன் என்று சொல்லும் வரை. குஸ்தியில் ஒரு பல் போயிற்று. தபாலில் வரவழைத்த புத்தகத்தைப் படித்து ஜூடோ பழகியதில் காறை எலும்பு முறிந்தது. புத்தகத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் பழகினார் என்று சௌந்தரம் எல்லோரிடமும் சொல்லுவாள். பிடிலும் சிலம்பமும் மட்டும் அவரிடம் நிலைத்தன. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்லூரியில் ஐந்து வருடம் வேலை பார்த்தபோது, கம்பு சுழலும்போது எழும் விர்ரென்ற ஓசைக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று அளப்பதற்காக, தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் ஓர் இசைக்கவையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார். அங்கே கம்பு சுற்றிக்கொண்டிருந்தவன் வேலம்மாளின் புருஷன் சிங்காரம். கட்டுமரக்காரன், இவரைவிட இரண்டு வயது இளையவன். இசைக்கவையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, "இத்த வச்சிக்கினு என்னா சார் தெரியும்? கம்பப் புடிச்சிப் பாருங்க" என்றான். ஐந்து வருடமும் மாலையில் இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் அதைவிட நெருங்கிய சிநேகிதன் வாய்க்கவில்லை.

அந்தக் கடற்கரைக் களத்தில் ஒரு கட்டு உண்டு. ஆடுகிறவன் கம்பால் மூன்று முறை தட்டினால் இனி தன்னால் முடியாது என்று அர்த்தம். அதைக் கேட்டவன் அப்போது கையில் இருப்பது எதுவானாலும் போட்டுவிட்டு அவனிடம் போக வேண்டும். எதிராளியானாலும் சரி, வேடிக்கை பார்க்க வந்தவனானாலும் சரி. கேட்டும் நின்றவனுக்கு மறுபடி அந்தக் களத்தில் கம்பெடுக்க உரிமை கிடையாது. இந்தச் சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் எவனுக்கும் முதல் கம்பைக் கொடுப்பார்கள். ஞானசேகரனும் இசைக்கவையைக் கீழே வைத்துவிட்டு, ஈர மணலைத் தொட்டு அந்தச் சத்தியத்தைச் செய்தவர்.

பிடில் ஊமையான அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, சிங்காரம் பாசஞ்சரில் வந்து இறங்கினான். ஒரு கூடை வஞ்சிரத்தைச் சௌந்தரத்திடம் கொடுத்துவிட்டு, மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னான். "சார், ஒங்க பிடிலு எங்க வூட்டு சோத்துப் பானையில வாசிக்குது. தெனம் ஆறு மணிக்கு. சோறு ஆக்க முடியலன்னு எங்க வூட்டுக்காரி சத்தம் போடுறா."

ஞானசேகரன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிடில் கெடவில்லை என்பதே அவருக்குப் போதும். பிறகு தன் பங்குக்கு அவரும் ஒன்றைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கு வகுப்பில் கரும்பலகை முன் நின்றபோது தலைக்கு மேல் ஒரு கம்பு விர்ரென்று சுழன்ற ஓசை கேட்டது, சாக்பீஸ் தூள் இரண்டாகப் பிரிந்தது, அறுபது மாணவர்களும் குனிந்தார்கள், ஆனால் கம்பு எதுவும் இல்லை. சிங்காரம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, செவ்வாய்க்கிழமை அந்நேரம் தான்தான் கரையில் சுற்றினேன், அன்றைக்குக் கம்பில் சத்தமே வரவில்லை, கம்பு உளுத்துப்போனது என்று நினைத்து அடுப்பில் வைத்துவிட்டேன் என்றான். இருவரும் சிரித்தார்கள். சௌந்தரம் சிரிக்கவில்லை. "எனக்குன்னு வாய்ச்சுது பாரு, சத்தமில்லாத பிடில்" என்று சொல்லிவிட்டு மீனை ஆயப் போனாள்.

ஓர் இயற்பியல்காரர் இதைச் சும்மா விடமுடியாது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒலி போய்ச்சேர இரண்டு நிமிடம் பதினான்கு விநாடி ஆக வேண்டும். தேவனாம்பட்டினத்தில் பஞ்சாயத்து ரேடியோ இருந்த கம்பத்தடிக்கு வேலம்மாள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். காலைச் செய்திக்கு முன்னால் வரும் மணியொலியின் கடைசி ஒலியோடு சேர்த்து ஞானசேகரன் அண்ணாமலை நகரில் வீட்டு ரேடியோவைக் கேட்டபடி வில்லை இழுத்தார். ஒரு விநாடிகூடப் பிந்தாமல் ரேடியோவின் மணியும் பானையின் பிடிலும் ஒன்றாக ஒலித்தன என்பதற்குத் தேவனாம்பட்டினத்தார் முப்பத்தொரு பேர் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். அதையெல்லாம் சேர்த்து அவர் எழுதிய கட்டுரை மூன்று வெளிநாட்டுச் சஞ்சிகைகளுக்குப் போய் மூன்று இடங்களிலிருந்தும் திரும்பியது. ஒன்றில் மட்டும் யாரோ பென்சிலால், உங்கள் கருவியைச் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். கருவி பானைதான். வேலம்மாள் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கி வைத்தாள். ஞானசேகரன் மண்பானையின் அதிர்வுகள் என்ற வேறொரு தலைப்பில் ஆராய்ச்சி செய்து 1963இல் டாக்டர் ஆனார், அதே வருடம் விரிவுரையாளருக்கு அடுத்த படியான ரீடரும் ஆனார்.

இப்படி ஆறு வருடம் போயிற்று. அந்த ஆறு வருடத்தில் அவர் தன் பிடிலை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. விரல் போகும் இடத்தைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வாசித்தார். ராகமென்றால் என்னவென்று தெரியாத வேலம்மாள் ஒருத்திதான் அவருக்கு விமரிசகி. சந்தைக்கு வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவாள்: புதன்கிழமை ரெண்டாவது பாட்டுல எங்கியோ எடறிச்சின்னு சாருகிட்ட சொல்லு, சோறு கொழஞ்சிப் போச்சி. அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவார். துறை ஆண்டு விழாவில் வற்புறுத்தி மேடையேற்றியபோது ஒரு மணி நேரம் வாசித்தார். மாணவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறுநாளே காது டாக்டரைப் பார்த்தார். அதே நேரம் தேவனாம்பட்டினத்தில் இருநூறு பேர் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

1962 மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை, நீட்டிய கை தெரியாத பனி. கடலுக்குப் போன ஏழு கட்டுமரங்களுக்குக் கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. விடுமுறைக் காலமாதலால் ஞானசேகரன் காலையிலேயே பிடிலை எடுத்துவிட்டார். வேலம்மாள் அப்போது பானையைத் துலக்கக் கரைக்கு எடுத்துப்போயிருந்தாள். பானை பாடியது. ஏழு கட்டுமரமும் அந்த மோகனத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து அது ஊர் வழக்கமாகிவிட்டது. பனி நாளில், புயல் நாளில், பானையின் வாயைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். மார்கழி, தை இரண்டு மாதமும் காலையில் ஆறிலிருந்து எட்டு வரை ஞானசேகரன் கட்டாயம் வாசிக்க வேண்டும். காய்ச்சல் வந்தபோதும் படுக்கையில் உட்கார்ந்து வாசித்தார். பாதியில் விட்டுவிடும் மனுஷன் என்று பெயரெடுத்தவருக்கு, விடமுடியாத ஒன்று வந்து சேர்ந்தது.

1966 ஐப்பசியில் துறைக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் பதவி வந்தது. ஞானசேகரன் இந்தப் பதவிக்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதை மறைப்பதற்கில்லை. காறை எலும்பை முறித்துக்கொண்டவர், பல்லை இழந்தவர், ஊமைப் பிடில்காரர் என்று காதுபடப் பேசிய ஊரில், ஒரு விஷயத்தையாவது கடைசிவரை முடித்தவன் என்று நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அப்பா செத்துப்போவதற்குள் காட்ட வேண்டும் என்று நினைத்தார். நேர்காணல் நாளன்று காலை எட்டு மணிக்குக் காற்று பிடித்தது. பத்து மணிக்குத் தென்னைகள் படுத்து எழுந்தன. நிபுணர்கள் மூன்று பேரும் முந்தின நாளே வெளியூரிலிருந்து வந்துவிட்டதால் நேர்காணலைத் தள்ளிவைக்கவில்லை. இருட்டோடு கடலுக்குப் போயிருந்த தேவனாம்பட்டினத்துக் கட்டுமரங்களில் சிங்காரத்தினுடையது மட்டும் திரும்பவில்லை. அதில் அவனோடு கண்ணாயிரமும் சின்னையனும் இருந்தார்கள். வேலம்மாள் பானையைக் கரையில் கொண்டுபோய் வைத்து, வாயைக் கடலுக்குத் திருப்பி, காற்றில் உருளாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பானை பேசவில்லை. பேச வேண்டியவர் கோட்டும் டையுமாக ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பதினொன்று இருபதுக்கு மேஜைமேல் மூன்று தட்டு விழுந்தது. துடுப்பால் மரத்தில் தட்டுகிற தட்டு. நிபுணர்களில் ஒருவர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். ஞானசேகரனுக்கு உடனே தெரிந்துவிட்டது. களத்தின் கட்டுப்படி அவர் கையில் இருந்த சான்றிதழ்க் கோப்பைப் போட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கத்தான் போனார். அந்த நேரம் பார்த்து நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரே ஒரு கேள்வி. ஓரிடத்தில் எழும் ஒலி, இடையில் உள்ள காற்றைத் தொடாமல் வேறோர் இடத்தில் கேட்க முடியும் என்று நீங்கள் முன்பு ஒரு கட்டுரை எழுதியதாகக் கேள்விப்பட்டோம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறீர்களா?" என்றார். மறுபடி மூன்று தட்டு. ஞானசேகரன் மேஜையைப் பார்த்தபடி, "முடியாது, சார். அது ஒரு பிழை" என்றார். அவர்கள் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு மேலும் இரண்டு கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கும் நன்றாகவே பதில் சொன்னார். மூன்று மூன்றாகத் தட்டு விழுந்துகொண்டே இருந்தது. வெளியே வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தேழு.

மழையில் செருப்பில்லாமல் ஓடினார். ஈரக் கோட்டோடு உட்கார்ந்து பிடிலை எடுத்தார். தட்டு இப்போது அவர் வீட்டுச் சுவரில் விழுந்தது. ரயில் இல்லை, பஸ் இல்லை, தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டன. வேலம்மாள் கரையில் இருக்கிறாளா, பானை உடையாமல் இருக்கிறதா, அதிலிருந்து ஏதாவது வருகிறதா, எதுவும் தெரியாது. சத்தமே இல்லாத பிடிலை இழுத்துக்கொண்டிருப்பதைத் தவிர அவரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. சௌந்தரம் ஒவ்வொரு தட்டுக்கும் கதவைப் பார்த்தாள். "என்னங்க, இன்னும் அழுத்தி வாசிங்க" என்றாள், அழுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாமலே. மாலை நாலு பத்துக்குத் தட்டு நின்றது. கரை சேர்ந்ததனால் நின்றதா, கை ஓய்ந்ததனால் நின்றதா என்று அவருக்குத் தெரியவில்லை. விரல் வெடித்து ரத்தம் வரும்வரை, மறுநாள் உச்சி வரை வாசித்தார்.

நான்காம் நாள் செய்தி வந்தது. கண்ணாயிரமும் சின்னையனும் பானைச் சத்தத்தைக் கேட்டுக் கரை சேர்ந்துவிட்டார்கள். சிங்காரம் வரவில்லை. கெடிலம் முகத்துவாரத்துக்கு நேராக, தென்னந்தலைகள் தெரிகிற தூரத்தில் கட்டுமரத்தின் கயிறு அறுந்து மரங்கள் பிரிந்திருக்கின்றன. இவர்கள் இருவரும் ஒரு மரத்தில், துடுப்போடு சிங்காரம் இன்னொன்றில். நீரோட்டம் அவனைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிற்று. கயிறு அறுந்தது பாட்டு கேட்பதற்கு முந்தி என்றான் கண்ணாயிரம். இல்லை, பாட்டு கேட்ட பிறகுதான் என்றான் சின்னையன். ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இரண்டு சத்தியமும் அப்படியே நிற்கின்றன.

மார்கழியில் பேராசிரியர் உத்தரவு வந்தது. அப்பா நெல்லிக்குப்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். ஞானசேகரன் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்துவிட்டு, செய்தி வந்த நாளிலிருந்து தொடாத பிடிலைப் பெட்டியில் வைத்துப் பரண்மேல் போட்டார். கம்பையும் பக்கத்திலேயே வைத்தார். கேட்டும் நின்றவனுக்கு இரண்டுமே ஆகாது என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்த வருடம் பனிக்குத் தேவனாம்பட்டினத்தார் தகரத்தைத் தட்டிச் சமாளித்தார்கள். ஆறு வருடமாக நாலேகாலுக்கு வகுப்பில் கேட்டுவந்த கம்பு வீச்சு இப்போது கேட்பதில்லை. மாணவர்கள் மட்டும் பழக்கத்தில் குனிந்து நிமிர்ந்தார்கள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேலம்மாள் குடியிருப்பு வாசலில் வந்து நின்றாள். தலையில் சும்மாடு, அதன்மேல் பானை. சௌந்தரம் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தாள். வேலம்மாள் பானையைக் கூடத்தில் இறக்கி, விரல் கணுவால் சுற்றித் தட்டிக் காட்டினாள்.

"பாருங்க சார். எங்கியும் ஒடையல, கீறல்கூட இல்ல. நாலு மாசமாப் பேச மாட்டேங்குது. அன்னிக்குக் கரையில காத்துல ரொம்ப இறுக்கிப் புடிச்சேன், அதுல ஏதாச்சும் ஆயிடுச்சா? எம்மேல தப்பான்னு கேக்கத்தான் வந்தேன்."

நாலு மாதமாக அவள் தன்மேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஞானசேகரனுக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மேஜைமேல் விழுந்த தட்டு, கேட்ட கேள்வி, முடியாது என்று தான் சொன்ன பதில், கடிகாரம் எல்லாவற்றையும். "ஏழு நிமிஷம், வேலம்மா. ஏழு நிமிஷம் நான் எழுந்திருக்கல. அந்த ஏழு நிமிஷத்துலதான் கயிறு அறுந்துதோ என்னவோ" என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் குழந்தைபோல அழுதார்.

வேலம்மாள் நெடுநேரம் பானையின் வாயைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கடியாரம் பாக்கத் தெரியாது சார்" என்றாள்.

மன்னித்தாளா, மன்னிக்கவில்லையா என்று சௌந்தரத்தால் கடைசிவரை சொல்லமுடியவில்லை. அதற்குள் மணி நாலேகால் ஆகியிருந்தது. கூடத்தில் மூவரின் தலைக்கு மேல் ஒரு கம்பு விர்ரென்று சுழன்றது. தட்டு அல்ல, முழு வீச்சு. கூடவே ஐந்தாறு சொட்டுத் தண்ணீர் தரையில் தெறித்தது. ஓட்டில் ஒழுக்கு இல்லை, வெளியே நல்ல வெயில். வேலம்மாள் ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு" என்றாள். பிறகு எழுந்து சும்மாட்டைச் சுருட்டினாள். "இன்னும் கரை சேரல போல. அக்கா, கொஞ்சம் பானையத் தூக்கி வுடுங்க. இப்ப பஸ்ஸப் புடிச்சா இருட்டுறதுக்குள்ள கரைக்குப் போயிடுவேன். சார், நான் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தாம வாசிச்சிக்கினு இருங்க. எப்ப சேருவேன்னு ஒங்களுக்குத் தெரியாதில்ல, அதனால நிறுத்தவே நிறுத்தாதீங்க."

ஞானசேகரன் நாற்காலி போட்டுப் பரண்மேல் ஏறினார்.

இது எழுதப்படும் 1969 வரை அவர் நிறுத்தவில்லை. டில்லியிலிருந்து ஒரு பெரிய பதவி தேடிவந்தது, வேண்டாமென்று எழுதிவிட்டார். அங்கிருந்தும் பானைக்குப் போய்ச் சேருமா என்று அவருக்கு நிச்சயமில்லை. தினமும் ஆறு மணிக்கு வேலம்மாள் பானையைக் கரைக்கு எடுத்துப்போய் வாயைக் கடலுக்குத் திருப்புகிறாள். சோறு ஆக்க வேறு பானை வாங்கிவிட்டாள். எங்கே இடறியது என்று இப்போதும் சொல்லி அனுப்புகிறாள். ஒவ்வொரு வருடமும் ஒலியியல் பாடத்தில் யாராவது ஒரு மாணவன் எழுந்து, காற்றைத் தொடாமல் ஒலி போகுமா என்று கேட்கிறான். பரீட்சையில் முடியாது என்று எழுது, முழு மதிப்பெண் கிடைக்கும் என்கிறார் பேராசிரியர். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாலு பதினான்கு ஆகியிருந்தால் முன்வரிசைக்காரர்கள் உப்புத் தண்ணீர் தெறித்து நனையாமலிருக்க நோட்டுகளை மூடி வைக்கிறார்கள். அறுபது பேரும் குனிகிறார்கள், அவரும் குனிகிறார்.